சைலன்சருக்கு முன்னால் ஒரு மூடி

1994 மே 14, சனிக்கிழமை. காலை ஐந்து ஐம்பதுக்கு எழுந்தேன். வெளியே எட்டுப் பாகை, மெல்லிய மேகம், காற்று இல்லை. முகம் வழித்துக் குளித்து, சாமிப்படத்துக்கு விளக்கேற்றினேன். ஆறரைக்குத் தேநீர். ஏழு மணிக்குப் பின்கதவடியில் பழைய பத்திரிகை விரித்து, வீட்டிலிருந்த ஐந்து சோடிச் சப்பாத்துகளையும் மினுக்கினேன். எட்டு மணிக்கு இரண்டு துண்டு பாணும் ஒரு முட்டையும். எட்டரைக்கு மேசையில் இருந்தேன். லண்டனில் ரெய்னர்ஸ் லேனுக்குக் குடிவந்த ஒன்பது வருடங்களில் என் சனிக்கிழமைக் காலைகள் இந்த வரிசையிலிருந்து பெரிதாக விலகியதில்லை.

அன்று மேசையில் ஒரு மேலதிக வேலை இருந்தது. என் நாட்குறிப்பில் ஏப்ரல் 24ஆம் திகதிப் பக்கத்தில் நான் குறித்து வைத்திருந்த ஆறு எண்களை வெள்ளைத்தாளில் துப்புரவாகப் பிரதி எடுக்க வேண்டும். பின்னேரம் இரண்டரைக்கு அந்தத் தாளை ஸ்ட்ரெதத்தில் ஒரு கார் வேலைத்தலத்தின் முதலாளியிடம் கொடுக்க வேண்டும். அந்த ஆறு எண்களை நம்பித்தான் அவர் என் சகலனுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்.

சகலன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். என்னைவிடப் பதினொரு வயது இளையவர். என்னை அண்ணை என்பார், நான் அவரைத் தம்பி என்பேன். யாழ்ப்பாணத்தில் லொறி எஞ்சின் பிரித்துப் பூட்டியவர். லண்டனுக்கு வந்த ஆறு வருடமும் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார். "ஒரு நாளைக்கு முந்நூறு கார் வருது அண்ணை. ஒரு பொனெற்றைத் திறக்க விடுறாங்களே?" என்று கேட்பார்.

அந்தக் குறையைத் தீர்க்க அவர் தேடிக்கொண்டதுதான் அந்தக் கார். எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செய்த இரண்டு கதவு வண்டி. பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சினை நடுத்தர உடம்புக்குள் வைத்து, நேர் ரோட்டில் பாய்வதற்கென்றே செய்த இனம். மஸில் கார் என்பார்கள். அவரிடம் வந்தபோது எஞ்சின் இறுகிப் போயிருந்தது, தரையில் துருப்பிடித்த ஓட்டை வழியே கீழே புல் தெரிந்தது. எங்கள் தெருவுக்குப் பின்னாலிருந்த வாடகைக் கராஜ் ஒன்றில் இரண்டு வருடம் அதோடு இருந்தார். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் ஊறுகாய்ப் போத்தல்களில் போட்டு, எங்கிருந்து கழற்றியது என்று துண்டெழுதி ஒட்டினார். எஞ்சின் ஓடும்போது நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை அதன்மேல் வைத்து, கைபிடியைக் காதுக்குள் வைத்துக் கேட்பார். "ஆறாவது சிலிண்டர் ஒரு மாதிரிக் கதைக்குது" என்பார். திறந்து பார்த்தால் ஆறாவதில்தான் கோளாறு இருக்கும். நான் பஸ் கம்பனியில் நேர அட்டவணைப் பிரிவில் வேலை செய்தேன். பஸ்கள் எத்தனை நிமிடத்தில் எங்கே போகின்றன என்று ஸ்டொப்வாட்சால் அளப்பது என் தொழில். ஒழுங்கானவன் என்று எனக்குள் ஒரு நினைப்பு உண்டு. அந்தக் கராஜுக்குள் போனால் அந்த நினைப்பு அடங்கிவிடும்.

எஞ்சின் திருந்தியபிறகுதான் கட்அவுட் பேச்சு வந்தது. எஞ்சினிலிருந்து வரும் புகைக்குழாய் சைலன்சருக்குள் நுழைய முன்னால் பக்கத்தில் ஒரு கிளை வைத்து ஒட்டுவார்கள். அதன் வாயில் மூன்று போல்ட்டில் ஒரு மூடி இருக்கும். மூடியைக் கழற்றினால் புகை சைலன்சருக்குள் போகாமல் நேரே வெளியே பாயும். இடிமுழக்கம்போலச் சத்தம் வரும். சத்தத்தோடு சக்தியும் கூடுமா என்பதுதான் கேள்வி. பழைய அமெரிக்கக் கார்க்காரர் கூடும் கிளப்பில் ஒருவர் இருபது குதிரைச் சக்தி என்பார், இன்னொருவர் ஐம்பது என்பார். அளந்தவர் ஒருவரும் இல்லை.

"தம்பி, கட்அவுட் வைக்கப் போறீராம். மாலையும் கட்ட வேணுமோ?" என்று என் மனைவி கேட்டாள்.

"வையுங்கோ அக்கா, பாலும் ஊத்துங்கோ" என்றார் அவர்.

ஆனால் அவருக்கே அதில் நம்பிக்கை இருக்கவில்லை. "நான் போட்ட குழாய் ரெண்டரை இஞ்சி. சைலன்சரும் உள்ளுக்கு நேர்த்துளை, ஊதினா மற்றப் பக்கம் காத்து வருது. அதைத் திறந்து என்ன வரப்போகுது?" என்றார். என்றாலும் இரண்டு பக்கக் குழாய்க்கும் கிளை வைத்து ஒட்டினார். அளக்காமல் இல்லை என்று சொல்ல அவருக்கு மனமில்லை.

அளந்தது ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. கிளப்காரர் எசெக்ஸ் பக்கம் கைவிடப்பட்ட விமான ஓடுபாதை ஒன்றை ஒரு நாளைக்கு எடுத்திருந்தார்கள். கால் மைல் தூரத்துக்குக் கூம்புகள் வைத்து, ஒருவர் கொடி அசைக்க, நான் முடிவில் ஸ்டொப்வாட்சோடு நின்றேன். காலையில் மூடியைப் பூட்டியபடி மூன்று ஓட்டம். 15.3, 15.2, 15.2 விநாடி. பின்னேரம் மூடியைக் கழற்றி மூன்று ஓட்டம். 14.6, 14.5, 14.6. அவர் இறங்கி வந்து என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். இரண்டாம் தடவையும் பார்த்தார்.

"நான் பிழை அண்ணை. முப்பத்தைஞ்சு குதிரையாவது வந்திருக்கு."

தன் எண்ணத்துக்கு எதிராக ஒரு எண் வந்தால் அவர் எண்ணின் பக்கம் போவார். அடுத்த கிழமை உதிரிப்பாகம் வாங்கப் போன இடத்தில், ஸ்ட்ரெதம் முதலாளியிடம் இதைச் சொல்லியிருக்கிறார். முதலாளி அறுபதை எட்டிய வெள்ளைக்காரர். அப்போதுதான் கட்அவுட் பூட்டிக் கொடுக்கத் தொடங்கியிருந்தார். எஞ்சின் வேலைக்கு நம்பிக்கையான ஓர் ஆளையும் தேடிக்கொண்டிருந்தார். அந்த எண்களை எழுத்தில் கொண்டு வா, 14ஆம் திகதி காரை என் ரோலரில் ஏற்றிக் காட்டு, கட்அவுட் கேட்டிருக்கும் இரண்டு வாடிக்கையாளரையும் வரச் சொல்கிறேன், எஞ்சின் மேசை உனக்குத்தான் என்றார். ரோலர் என்பது தரையில் பதித்த உருளைகள். பின்சக்கரங்களை அதன்மேல் வைத்து ஓட்டினால், சக்கரத்துக்கு எத்தனை குதிரை வருகிறது என்று அது சொல்லும்.

இவ்வளவும் தெரிந்துதான் நான் எட்டரைக்கு மேசையில் இருந்து பிரதி எடுக்கத் தொடங்கினேன். தலைப்பு எழுத வேண்டும் என்பதற்காக ஏப்ரல் 24இன் முதல் வரியிலிருந்து வாசித்தேன்.

"காலை 7.10. கோயில் அன்னதானத்துக்குப் பச்சையரிசி 8 மூட்டை (20 கிலோ), பருப்பு 1 மூட்டை (25 கிலோ), தம்பியின் காரில் ஏற்றியது."

அதே பக்கத்தில் நான்கு அங்குலம் கீழே: "பகல் 12.20. மனோர் பார்க் கோயிலில் இறக்கியது."

பேனையை மூடி வைத்தேன்.

காலை ஓட்டங்கள் ஓடியபோது அந்தக் காரின் பின்பெட்டியில் நூற்றெண்பத்தைந்து கிலோ இருந்தது. பின்னேர ஓட்டங்களில் இல்லை. பகல் பூசைக்கு முன்னர் அரிசி கோயிலுக்குப் போகவேண்டும் என்பதால், இடையில் போய் இறக்கி, பூசை பார்த்து, சாப்பிட்டுத் திரும்பியிருந்தோம். மூடியை ஏன் காலையிலேயே கழற்றவில்லை என்பதற்கும் அதுதான் காரணம். அந்தச் சத்தத்தோடு கோயில் வாசலில் போய் நிற்க முடியாது. முதலில் பூட்டி ஓடுவோம், சாமியைக் கும்பிட்டு வந்து கழற்றி ஓடுவோம் என்று நாங்கள்தான் ஒழுங்கு செய்தோம். சாமி காரியம் என்ற நினைப்பில் அரிசியை இருவரும் பாரமாக எண்ணவேயில்லை. அலுவலகத்தில் நான் பஸ் அளக்கும் படிவத்தில், எத்தனை பேர் ஏறியிருந்தார்கள் என்பதற்கு ஒரு தனிக் கட்டம் உண்டு. பதினாறு வருடமாக ஒவ்வொரு நாளும் அந்தக் கட்டத்தை நிரப்பியவன் நான்.

பெற்றோல் ஸ்டேஷனுக்கு ஃபோன் எடுத்தேன். ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்கு வரச் சொன்னேன். பத்து இருபத்தைந்துக்கு, பெற்றோல் ஸ்டேஷனின் கம்பளி ஜம்பரோடு வந்து குசினிக் கதிரையில் இருந்தார். நான் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். விரலை வைத்து வரி வரியாக வாசித்தார். மனோர் பார்க் வரியில் விரல் நின்றது. பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"முப்பத்தைஞ்சு குதிரை! எல்லாம் பச்சையரிசிக் குதிரை!"

"தம்பி, சிரிக்கிற விசயமில்லை."

"சரி அண்ணை. என்ன செய்வம், சொல்லுங்கோ."

நான் சொன்னதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். "தாளை நான் கொண்டு வரேல்லை எண்டு சொல்லுறன். ரோலர் காட்டுறதைக் காட்டட்டும். நாங்கள் ஏன் வாய் திறக்க வேணும்?" என்றேன்.

"ரோலரைக் காட்ட வைக்கவும் ஏலும் அண்ணை. கார்புரேட்டரில பெற்றோல் விடுற ரெண்டு ஜெட்டை மாத்தினாக் காணும். பூட்டி ஓடேக்க எஞ்சின் பெற்றோல் கூடித் திணறும். திறந்தாப் பறக்கும். அந்த மனுசனுக்குக்கூடப் பிடிபடாது." தேநீரை ஒரு மிடறு குடித்தார். "ஆனா ரெண்டு பேர் காரில துளை போட வாறாங்கள். என்ர சொல்லைக் கேட்டு."

"வேலை போனால்?"

"போனால் கண்ணாடிக்குப் பின்னால இருக்கிறன். இருந்து பழக்கம்தானே" என்றார். முகத்தில் சிரிப்பு இருக்கவில்லை. அந்த வேலை அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போது பார்த்தேன். தண்ணீர்க் குழாயடியில் நின்ற என் மனைவி, "தம்பி, நீர் போய்ச் சொல்லும்" என்றாள். அவர் ஜம்பரைக் கழற்றி மடித்து வைத்தார்.

பன்னிரண்டு ஐம்பதுக்குப் புறப்பட்டோம். அந்தக் காரில் போவது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி. எஞ்சின் சூடாகும்வரை மைல் கணக்கில் மெதுவாகவே ஓட்டினார். ஹாங்கர் லேன் நெரிசலில் நின்றபோது பொனெற் முழுவதும் மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. கியூ பாலம் தாண்டினபிறகு, வழி விட்ட இடத்தில் ஒரு தடவை மிதித்தார். முதுகு இருக்கையில் அழுந்தியது. அவ்வளவு சக்திக்கும் சத்தம் ஆழமாக, அடக்கமாகத்தான் இருந்தது. இரண்டு இருபத்தைந்துக்கு ஸ்ட்ரெதம் பெருந்தெருவுக்குப் பின்னாலிருந்த ஒழுங்கைக்குள் திரும்பினோம்.

முதலாளியும் இரண்டு வாடிக்கையாளரும் ரோலருக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஒருவர் உயரமானவர், தன் சிவப்புக் காரில் சாய்ந்தபடி. அதுவும் அதே காலத்து அமெரிக்கக் கார்தான். மற்றவர் தோல் ஜாக்கெட் போட்ட குள்ளமான மனிதர். காரை ஏற்ற முதலாளி கை காட்டினார். சகலன் ஏற்றவில்லை. இறங்கி, மூவருக்கும் கேட்கும்படி, தன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். நான் உங்களுக்குச் சொன்ன எண் பிழை. காலை ஓட்டத்தில் காருக்குள் அரிசி இருந்தது. பின்னேரம் இல்லை.

"அரிசியா?" என்றார் முதலாளி.

"எட்டு மூட்டை. பருப்பும் இருந்தது."

"உன் வீட்டில் எத்தனை பேர்?"

"கோயிலுக்கு."

தோல் ஜாக்கெட்காரர் வாய்விட்டுச் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. அவருடைய கழுத்து சிவந்தது. நான் நாட்குறிப்பை நீட்டினேன். தமிழில் இருந்ததால் எண்களை மட்டும் விரலால் காட்டினேன். "கார் வந்துவிட்டதே, ஏற்று" என்றார் கடைசியில். குரலில் விருப்பமில்லை.

மூடி பூட்டியபடி மூன்று தடவை: 238, 237, 239. சகலன் காருக்குக் கீழே படுத்து இரண்டு பக்க மூடியையும் கழற்றினார். திறந்து மூன்று தடவை: 243, 242, 243. தகரக் கூரை அதிர்ந்தது, சுவரில் தொங்கிய ஸ்பானர்கள் கிலுங்கின. காதைப் பொத்திக்கொண்டு நின்ற என் நெஞ்சு ஐம்பது குதிரை என்று சத்தியம் செய்தது. ரோலர் மானியின் ஊசி ஐந்து என்றது. குறைந்த வேகத்தில், மூவாயிரம் சுற்றுக்குக் கீழே, திறந்திருந்தபோது சக்தி கொஞ்சம் குறைந்தும் இருந்தது.

"பொறுங்கோ" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, சகலன் கார்புரேட்டரில் ஜெட்டை ஒரு அளவு கூட்டினார். புகை இலகுவாகப் போனால் எஞ்சின் கூடக் காற்றிழுக்கும், அதற்கேற்பப் பெற்றோலும் வேண்டும் என்று முதலாளிக்கு விளக்கினார். மறுபடி ஓடியபோது 246. எட்டுக் குதிரை. அதற்கு மேல் அசையவில்லை.

"எட்டுக்கு ஒருவரும் காரில் துளை போடமாட்டார்கள்" என்றார் முதலாளி.

அப்போதுதான் சகலன் அந்தச் சிவப்புக் காருக்குக் கீழே குனிந்து பார்த்தார். பார்த்ததும் அவர் உடம்பே மாறிவிட்டது. இதில் கம்பனிக் குழாய்தான் இருக்கிறது, ஒற்றைக் குழாய், பழைய சைலன்சர், இதை ஏற்றிப் பார்க்கலாமா என்று கேட்டார். உயரமானவர் தோளைக் குலுக்கிச் சரி என்றார். முதலில் இருந்தபடி மூன்று தடவை ஓடினார்கள். பிறகு சைலன்சருக்கு முன்னாலிருந்த இணைப்பைக் கழற்றி, புகையை அங்கேயே வெளியே விட்டு மூன்று தடவை ஓடினார்கள். இருபத்தொரு குதிரை கூடியது.

முதலாளி என்னைப் பார்த்தார். "இந்தக் காரிலும் ஏதாவது மூட்டை இருந்ததா?"

"இல்லை. இருந்தாலும் ரோலர் எடை பார்க்காது" என்றேன்.

சகலன் கையைத் துடைத்தபடி பேசினார். அவ்வளவு நீளமாக அவர் ஆங்கிலம் பேசி நான் கேட்டதில்லை. கட்அவுட் தானாக ஒன்றும் கொடுப்பதில்லை. குழாயும் சைலன்சரும் பிடித்து வைத்திருப்பதை விட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான். இவருடைய கார் இருபத்தொன்றைப் பிடித்து வைத்திருக்கிறது. என்னுடையதில் நான் ஏற்கெனவே பெரிய குழாய் போட்டுவிட்டேன், அதனால் மிச்சம் ஐந்துதான். இவருக்கும் அதே குழாய் செய்தால் மூடி தேவையில்லை, பொலிசும் மறிக்காது.

உயரமானவர் சகலனின் காருக்குக் கீழே படுத்தே பார்த்தார். ஒட்டு வேலையை விரலால் தடவினார். எழுந்து முதலாளியிடம், "இவர் செய்வாரென்றால் இதையே செய்யுங்கள்" என்றார்.

தோல் ஜாக்கெட்காரர் மட்டும் மனம் மாறவில்லை. "எனக்குக் கட்அவுட்தான் வேண்டும்."

"சக்தி வராது" என்றார் சகலன்.

"யார் சக்தி கேட்டது? அந்தச் சத்தம் வேண்டும்."

சகலன் என் பக்கம் திரும்பி, "சத்தத்துக்கெண்டு சொல்லி விக்கிறதில பிழையில்லைத்தானே அண்ணை?" என்றார். இல்லை என்றேன்.

முதலாளி ஊசியை இன்னொரு தடவை பார்த்தார். கழுத்துச் சிவப்பு இறங்கியிருந்தது. "என்னிடம் முன்பு வேலை செய்தவன் ரோலரில் பார்த்துக்கூடப் பிழையை ஒப்புக்கொள்ளமாட்டான்" என்றார். பிறகு, "திங்கட்கிழமை எட்டு மணி" என்றார்.

எதிர்பார்த்த பதிலை என் சகலன் சொல்லவில்லை. பெற்றோல் ஸ்டேஷனில் ஒரு கிழமை அறிவித்தல் கொடுக்க வேண்டும், திடீரென்று விட்டால் அங்கே ஷிப்டுக்கு ஆளில்லை, அதற்கு அடுத்த திங்கள் வருகிறேன் என்றார். கிடைத்ததைக் கையால் தள்ளுகிறாரே என்று நினைத்தேன். முதலாளி தலையாட்டி, சுவர்க் கலண்டரில் 23ஆம் திகதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

மூடிகளைப் பூட்டிக்கொண்டு திரும்பினோம். வழியில், "எட்டுக் குதிரை அண்ணை" என்றார். "நான் முதல் சொன்னது சரிதானே?" என் ஆறு எண்களுக்காகத் தன் சரியான எண்ணத்தையே கைவிட்டவர் அவர். அந்த எண்கள் பொய்யென்று தெரிந்ததும் என்னை ஒரு சொல் குற்றம் சொல்லவில்லை. ஓம் என்றேன்.

வீட்டில் இரண்டு சகோதரிகளும் காத்திருந்தார்கள். "அத்தான், அந்த மனுசன் ஏசினவரோ?" என்று சகலனின் மனைவி என்னைத்தான் கேட்டாள்.

"ஏசேல்லை. வேலை சரி."

அவள் கதிரையில் இருந்துவிட்டாள். "அரிசியை அந்தக் காரில ஏத்தச் சொன்னதே நான்தான். உங்கட காரின்ர பின்பெட்டி ஒழுகுது எண்டு."

"அப்ப எல்லாத்துக்கும் நீர்தான் காரணம்" என்றார் சகலன். "சோத்தைப் போடும், பசிக்குது."

ஒன்பதே காலுக்கு அன்றைய பக்கத்தை எழுதினேன். ரோலர் எண்கள் பதின்மூன்று. ஏப்ரல் 24ஆம் பக்கத்தின் ஆறு எண்களுக்கும் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்து, "செல்லாது, பாரம் சமனில்லை" என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன். பத்து மணிக்குப் படுத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சகலனுக்கு ஆறு மணி ஷிப்ட். ஐந்து நாற்பதுக்கு வீட்டிலிருந்து நடந்தே போயிருக்கிறார். இரவு வேலை முடித்து நின்ற மனேஜரிடம் முதல் வேலையாக ஒரு கிழமை அறிவித்தல் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, பிறகுதான் ஜம்பரைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னால் போய் இருந்திருக்கிறார்.